ரொட்டி சுடும் நெருப்பு, ஊரையும் சுட்டது!

மாவைப் பிசைகிறார்கள். பானையில் போட்டு மூடுகிறார்கள். பானையை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போகிறார்கள். கரிய மணலில் குழி தோண்டுகிறார்கள். பானையை உள்ளே வைத்துப் புதைத்துவிட்டு, வீட்டுக்குத் திரும்பி விடுகிறார்கள்.

மறுநாள் வந்து தோண்டுகிறார்கள். ரொட்டி வெந்து தயாராக இருக்கிறது!

விறகு இல்லை. கரி இல்லை. அடுப்பு இல்லை. பூமியே அடுப்பு!

இது பாட்டி சொன்ன கதை அல்ல. ஐஸ்லாந்து நாட்டில் நடக்கும் காரியம். இந்த விந்தையைப் பார்க்கவும், அந்த ரொட்டியைத் தின்று பார்க்கவும் உலகத்தின் நாலா பக்கங்களிலிருந்தும் உல்லாசப் பயணிகள் வருகிறார்கள். வெண்ணெய் தடவிச் சாப்பிடுகிறார்கள். படம் பிடித்துக்கொள்கிறார்கள். விமானம் ஏறிப் போய்விடுகிறார்கள்.

ஆனால் அதே நெருப்பு, 2023-ம் ஆண்டு நவம்பர் மாதம் 10-ந்தேதி இரவு, ஓர் ஊரையே காலி செய்ய வைத்தது. சுமார் 3 ஆயிரத்து 800 பேர் போட்டது போட்டபடி வீட்டைவிட்டுக் கிளம்பினார்கள்.

அடுப்பில் இருப்பதும் நெருப்புதான். கூரையைக் கொளுத்துவதும் நெருப்புதான். அடுப்பில் வெந்த ரொட்டியை ஊரே பங்கு போட்டுக்கொள்கிறது. எரிந்த வீட்டின் நஷ்டத்தை யார் பங்கு போட்டுக்கொள்வது?

ஐஸ்லாந்து மக்களுக்கு முன்னால் நிற்கும் பெரிய கேள்வி இதுதான்.

பெயர் பனி, உள்ளே நெருப்பு

ஐஸ்லாந்து என்றால் "பனி நாடு" என்று அர்த்தம். ஐரோப்பாவுக்கு வடமேற்கே, அட்லாண்டிக் கடலில் இருக்கும் தீவு. மொத்த ஜனத்தொகையே சுமார் 4 லட்சம்தான். தலைநகரம் ரெய்க்யவிக்.

பெயர்தான் பனி. உள்ளே இருப்பது நெருப்பு. காரணம் என்ன?

பூமியின் மேல் ஓடு ஒரே துண்டாக இல்லை. பெரிய பெரிய துண்டுகளாக இருக்கிறது. ஒரு துண்டின் மேல் வட அமெரிக்கா இருக்கிறது. இன்னொரு துண்டின் மேல் ஐரோப்பா இருக்கிறது. இந்த இரண்டு துண்டுகளுக்கும் நடுவில் உள்ள பிளவின்மேல் ஐஸ்லாந்து உட்கார்ந்திருக்கிறது.

இரண்டு துண்டுகளும் ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றன. எவ்வளவு வேகம்? ஆண்டுக்குச் சுமார் 2 செண்டி மீட்டர். விரல் நகம் வளரும் வேகம்கூட இல்லை! ஆனால் அந்த மெதுவான விலகல் போதும். பிளவின் வழியாக, உருகிய பாறை அடியிலிருந்து மேலே ஏறி வருகிறது. அது வெளியே கொட்டினால், அதுதான் எரிமலை.

வெளியே வராமல் உள்ளேயே தங்கினாலும் அதன் சூடு தங்குகிறது. மழை நீரும் பனி உருகிய நீரும் தரைக்குள் இறங்குகின்றன. சூடான பாறையில் பட்டுக் கொதிக்கின்றன. வெந்நீராகவும் ஆவியாகவும் மேலே வருகின்றன.

ரெய்க்யவிக் என்ற பெயருக்கே "புகை விரிகுடா" என்று அர்த்தம். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கும் முன்னால் அங்கே குடியேறியவர்கள் தரையிலிருந்து எழும்பிய ஆவியைப் பார்த்து அப்படிப் பெயர் வைத்தார்கள்.

அந்த ஆவிதான் இன்று அந்த நாட்டின் செல்வம். 10 வீடுகளில் 9 வீடுகளைக் குளிர் காலத்தில் சூடாக வைத்திருப்பது பூமிக்குள்ளிருந்து வரும் வெந்நீர். குழாய் வழியாக அது வீட்டுக்கு வருகிறது. தலைநகரத்தில் சில நடைபாதைகளின் அடியிலும் குழாய் போட்டிருக்கிறார்கள். பனி விழுந்தால் தானாக உருகிவிடும். பூமிக்குள்ளிருந்து வரும் ஆவியால் மின்சாரமும் எடுக்கிறார்கள்.

ஒரு நாளில் என்னென்ன பார்க்கலாம்?

கோடைக் காலத்தில் ஐஸ்லாந்தில் நள்ளிரவு வரை வெளிச்சம் இருக்கும். ஆகவே, காலையில் விமான நிலையத்தில் இறங்கிக் கார் எடுத்துக்கொண்டு கிளம்புகிறவர், ஒரே நாளில் பல விந்தைகளைப் பார்த்துவிடலாம்.

விமான நிலையம் இருப்பது தென்மேற்கு மூலையில். அந்தப் பகுதிக்கு ரெய்க்யனெஸ் தீபகற்பம் என்று பெயர். எங்கு பார்த்தாலும் கறுப்புப் பாறை. எப்போதோ ஓடி உறைந்த நெருப்புக் குழம்பு அது. அதன்மேல் மெத்தை விரித்ததுபோல் பாசி படர்ந்திருக்கும். மரத்தைக் காண்பது அரிது.

முதலில் ஒரு சின்ன நடைபாலம் வரும். தரையில் உள்ள பிளவின்மேல் கட்டியிருக்கிறார்கள். இந்தக் கரை அமெரிக்கத் துண்டு, அந்தக் கரை ஐரோப்பியத் துண்டு என்று எழுதி வைத்திருக்கிறார்கள். நாலு எட்டு வைத்தால் கண்டம் தாண்டிவிடலாம்! உண்மையில் பிளவு அந்த ஓர் இடத்தில் மட்டும் இல்லை. பல மைல் அகலத்துக்குப் பரவிக் கிடக்கிறது. ஆனாலும் குழந்தைகளுக்குப் பூகோளம் சொல்லிக்கொடுக்க அதைவிட நல்ல பாலம் கிடையாது.

பானையைப் பறித்த கதை

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் குன்னுவேர் என்ற இடம். சேறு "குபு குபு" என்று கொதிக்கும். கந்தக நாற்றம் மூக்கைத் துளைக்கும். "குன்னாவின் வெந்நீர் ஊற்று" என்று அந்தப் பெயருக்கு அர்த்தம்.

யார் இந்தக் குன்னா? அந்த ஊர் மக்கள் ஒரு கதை சொல்கிறார்கள்.

சுமார் 400 ஆண்டுகளுக்கு முன்பு குன்னா என்ற ஏழைப் பெண் அங்கே இருந்தாளாம். அவளால் குடியிருப்புக்கு வாடகை கொடுக்க முடியவில்லை. வாடகைக்கு ஈடாக, அவளிடம் இருந்த ஒரே சொத்தைப் பறித்துக்கொண்டார்களாம். அது என்ன? சோறாக்கும் பானை!

பானை போன பிறகு அவள் இறந்தாள். பேயாக வந்து ஊரை ஆட்டி வைத்தாள். கடைசியில் ஒரு பாதிரியார் தந்திரம் செய்து, அந்தப் பேயைக் கொதிக்கும் ஊற்றுக்குள் விழவைத்தாராம். அங்கே வெந்நீர் சீறுவது குன்னாவின் கோபம் என்று சொல்கிறார்கள்.

கதை கதைதான். ஆனால் அதற்குள் ஒரு நியாயம் இருக்கிறது. ஏழையின் அடுப்பைப் பறித்தால் ஊருக்கு நிம்மதி இருக்காது. இன்றைய விவகாரத்துக்கும் இந்தக் கதை பொருந்துகிறது.

கருவாடும் தயிரும்

அடுத்தது கிரிண்டாவிக். வீட்டைவிட்டு மக்கள் கிளம்பினார்களே, அந்த ஊர் இதுதான்.

கிரிண்டாவிக் மீனவர் ஊர். காட் என்ற மீனைப் பிளந்து, உப்பிட்டுக் கப்பலில் ஏற்றுவது அந்த ஊரின் பழைய தொழில். அந்த உப்பு மீனை ஸ்பெயின், போர்ச்சுகல் நாட்டு மக்கள் விரும்பி வாங்குகிறார்கள். ஐஸ்லாந்துக்காரர்கள் கருவாட்டைச் சமைக்காமல் அப்படியே கிழித்து, வெண்ணெய் தடவித் தின்கிறார்கள். கெட்டித் தயிர்போல் "ஸ்கிர்" என்ற ஒரு பண்டம் உண்டு. அதுவும், ஆட்டுக்கறியும் கிழங்கும் போட்டுக் காய்ச்சிய குழம்பும் அங்கே வீட்டுக்கு வீடு உண்டு.

ஊருக்கு அருகே ஸ்வார்ட்சேங்கி மின்சார நிலையம் இருக்கிறது. 1976-ம் ஆண்டில் தொடங்கியது. பூமிக்குள்ளிருந்து வெந்நீரை எடுத்து மின்சாரமும் சூடும் தந்துவிட்டு, மிச்ச நீரைப் பாறைமேல் விட்டார்கள். அது பால் கலந்த நீல நிறத்தில் குளமாகத் தேங்கியது. அதில் குளித்தால் தோல் நோய்க்கு நல்லது என்ற பேச்சுப் பரவியது. மக்கள் குளிக்க வந்தார்கள். அதுதான் உலகப் புகழ் பெற்ற "நீலக் குளம்". கழிவாக விட்ட நீர் காசாக மாறியது!

அங்கிருந்து கடலோரமாகக் கிழக்கே போனால் குவெரகெர்டி என்ற ஊர். அங்கே பெரிய பெரிய கண்ணாடி வீடுகள் உண்டு. உள்ளே வெந்நீர்க் குழாய் ஓடும். வெளியே பனி கொட்டும். உள்ளே தக்காளி பழுக்கும்! குளிர் காலத்தில் சூரியன் தலை காட்டுவதே சில மணி நேரம்தான். ஆகையால் மின்சார விளக்குப் போட்டுச் செடியை வளர்க்கிறார்கள். வாழை மரம்கூட அப்படி வளர்ந்து குலை தள்ளியிருக்கிறது.

பிறகு லாகர்வாட் ஏரி. பானையைப் புதைக்கும் இடங்களில் இதுவும் ஒன்று. கோதுமையைப்போல் "ரை" என்று ஒரு தானியம் உண்டு. அதன் மாவில் சர்க்கரை கலந்து பிசைகிறார்கள். சூடான மணலுக்குள் ஒரு முழு நாள், அதாவது சுமார் 24 மணி நேரம், புதைத்து வைக்கிறார்கள். அடுப்பில் சுட்டதுபோல் மேலே முறுகாது. கருகாது. இட்லியைப்போல் ஆவியிலேயே வேகும். கறுப்பாக, இனிப்பாக, பஞ்சுபோல் இருக்கும்.

இந்த ரொட்டிக்கு "இடி முழக்க ரொட்டி" என்று ஒரு பட்டப் பெயரும் உண்டு. அதிகமாகத் தின்றால் வயிற்றுக்குள் இடி முழங்குமாம்!

இன்னும் கொஞ்ச தூரத்தில் வெந்நீரைப் பீச்சி அடிக்கும் ஊற்று. 10 நிமிடத்துக்குள் ஒரு முறை அது ஆகாயத்தை நோக்கிச் சீறும்.

பார்த்தாயிற்று, சாப்பிட்டாயிற்று. பயணியின் ஒரு நாள் முடிந்தது. ஊர்க்காரரின் நாள் எப்படி?

வேடிக்கையாக வந்தது

ரெய்க்யனெஸ் பகுதியில் சுமார் 800 ஆண்டுகளாக எரிமலை வெடிக்கவே இல்லை. அங்கே நெருப்பு தூங்கிவிட்டது என்று மக்கள் நிம்மதியாக இருந்தார்கள்.

2021-ம் ஆண்டு மார்ச் மாதம் 19-ந்தேதி அது விழித்துக்கொண்டது. ஊர் இல்லாத மலைப் பள்ளத்தாக்கில் நெருப்புக் குழம்பு பொங்கியது. 6 மாதம் ஓடியது. யாருக்கும் வீடு போகவில்லை. ஆகவே, அது திருவிழா ஆகிவிட்டது! லட்சக்கணக்கான பேர் நடந்து போய் வேடிக்கை பார்த்தார்கள். சிலர் உறைந்துகொண்டிருந்த குழம்பின் சூட்டில் இறைச்சித் துண்டுகளைச் சுட்டுத் தின்றார்கள். அந்தப் படங்கள் உலகமெல்லாம் பரவின.

கூட்டத்துக்குக் காவல் நின்றது யார்? கால் சுளுக்கியவர்களையும், வழி தவறியவர்களையும் தூக்கி வந்தது யார்? மீட்புத் தொண்டர்கள்! முன்னணியில் நின்றவர்கள் கிரிண்டாவிக் ஊரின் தொண்டர்கள். சம்பளம் இல்லாத வேலை. ஐஸ்லாந்தில் மீட்புப் படையினர் புத்தாண்டுக்குப் பட்டாசு விற்றுச் செலவுக்குப் பணம் சேர்க்கிறார்கள்.

2022-லும், 2023-லும் அதே பக்கத்தில் மறுபடியும் வெடித்தது. மறுபடியும் கூட்டம்.

பிறகு நெருப்பு இடம் மாறியது.

விபரீதமாக மாறியது

2023 நவம்பர் மாதம் பூகம்பம் மேல் பூகம்பம். 10-ந்தேதி தரை ஓயாமல் ஆடியது. உருகிய பாறை சுமார் 15 கிலோ மீட்டர் நீளத்துக்குத் தரைக்கு அடியில் சுவர்போல் நுழைந்துவிட்டது. அதன் ஒரு முனை கிரிண்டாவிக் ஊருக்கு அடியில்!

அன்று இரவே ஊர் காலி செய்யப்பட்டது. அதுவரை மற்றவர்களுக்கு வழிகாட்டிய தொண்டர்கள், இப்போது தங்கள் சொந்த ஊரைக் காலி செய்ய உதவினார்கள்.

தெருவில் பிளவு விழுந்தது. வீடுகள் சாய்ந்தன. 2024 ஜனவரியில் பிளவை மண் போட்டு மூடும் வேலையில் இருந்த ஒரு தொழிலாளி, தரை உள்வாங்கி, பிளவுக்குள் விழுந்துவிட்டார். தேடியும் கிடைக்கவில்லை. தேடப் போனவர்களின் உயிருக்கே ஆபத்து என்று தேடுதல் நிறுத்தப்பட்டது.

அதற்கு முன்பே, 2023 டிசம்பர் 18-ந்தேதி, ஊருக்கு வடக்கே நெருப்பு வெளியே வந்துவிட்டது. ஊரைக் காக்க மண் மேடு கட்டினார்கள். இரவு பகலாக இயந்திரங்கள் வேலை செய்தன.

2024 ஜனவரி 14-ந்தேதி மேட்டுக்கு வெளியே வெடித்த நெருப்பில் பெரும்பகுதியை மேடு திருப்பிவிட்டது. ஆனால் மேட்டுக்கு உள்ளேயே இன்னொரு பிளவு திறந்தது. 3 வீடுகள் எரிந்தன. வேறு ஊர்களில் தங்கியிருந்த மக்கள், சொந்த ஊர் எரிவதை டெலிவிஷனில் பார்த்தார்கள்.

பிப்ரவரி 8-ந்தேதி நெருப்புக் குழம்பு ஓடி வெந்நீர்க் குழாயை மூடி உடைத்தது. கொட்டும் குளிரில் 20 ஆயிரத்துக்கும் அதிகமான மக்களின் வீடுகளுக்கு வெந்நீர் நின்றது. சில நாட்கள் வீடுகள் ஜில்லிட்டுப் போயின. நெருப்பின் தயவால் சூடாக இருந்த வீடுகள், அதே நெருப்பால் குளிர்ந்தன!

2021 மார்ச் முதல் 2025 ஆகஸ்டு வரை அந்தச் சின்ன தீபகற்பத்தில் 12 தடவை எரிமலை வெடித்திருக்கிறது. அதில் 9 தடவை கிரிண்டாவிக் ஊருக்குப் பக்கத்தில். 2024 நவம்பரில் நீலக் குளத்தின் கார் நிறுத்தும் இடத்தையே நெருப்பு மூடியது.

நஷ்டம் யாருக்கு?

இந்த இடத்தில்தான் ஐஸ்லாந்தைக் கவனிக்க வேண்டும்.

வீடு போனவர்களைப் பார்த்து, "நீங்கள் ஏன் அங்கே வீடு கட்டினீர்கள்?" என்று நாடு கேட்கவில்லை. ஊர் காலியான சில தினங்களுக்குள் சட்டசபை கூடியது. தடுப்பு மேடு கட்ட, நாட்டில் உள்ள எல்லா வீடுகள் மீதும் ஒரு சின்ன வரி போட்டார்கள். எரிமலைக்குத் தூரத்தில் வடக்கே இருப்பவரும் கொடுத்தார். கிழக்கே இருப்பவரும் கொடுத்தார்.

2024-ம் ஆண்டில் இன்னொரு காரியம் செய்தார்கள். "தோர்காட்லா" என்ற நிறுவனத்தை அரசாங்கம் ஆரம்பித்தது. கிரிண்டாவிக்கில் வீடு வைத்திருந்தவர் விரும்பினால், அந்த வீட்டை அந்த நிறுவனத்துக்கு விற்றுவிடலாம் என்று வழி செய்தார்கள். விலை என்ன? தீ இன்ஷூரன்சில் குறித்த மதிப்பில் 100-க்கு 95. பெரும்பாலான வீட்டுக்காரர்கள் விற்றுவிட்டார்கள். பிற்காலத்தில் நிலைமை சீரானால், வாங்குவதில் பழைய சொந்தக்காரருக்கு முன்னுரிமை உண்டு.

யோசித்துப் பாருங்கள். யாரும் குடியிருக்க முடியாத வீட்டை யார் வாங்குவார்? சந்தையில் அதற்கு விலையே கிடையாது. நாடு முழுவதும் சேர்ந்து வாங்கிக்கொண்டது.

இதனால் எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லை. குடியிருந்த வீட்டுக்குத்தான் பணம் கிடைத்தது. கடை, பட்டறை, விடுதி வைத்திருந்தவர்களின் கட்டடங்களை அந்த நிறுவனம் வாங்கவில்லை. "எங்கள் பிழைப்பு மட்டும் பிழைப்பு இல்லையா?" என்பது அவர்கள் குறை. வீடு விற்றவர்களுக்கும் கஷ்டம்தான். வேறு ஊர்களில் வீட்டு விலை அதிகம்.

பணத்தால் வாங்க முடியாததும் ஒன்று உண்டு. ஒரே தெருவில் விளையாடிய குழந்தைகள் இப்போது வேறு வேறு பள்ளிக்கூடங்களில் படிக்கிறார்கள். அடுத்த வீட்டுக்காரர் 50 கிலோ மீட்டருக்கு அப்பால் இருக்கிறார். வீட்டுக்கு விலை உண்டு. அண்டை அயலுக்கு விலை ஏது?

முன்பு பட்ட பாடு

இந்த அறிவு ஐஸ்லாந்துக்கு ஒரே நாளில் வரவில்லை. பட்டுத்தான் வந்தது.

1783-ம் ஆண்டு லாக்கி என்ற இடத்தில் பூமி பிளந்து 8 மாதம் நெருப்புக் கக்கியது. நச்சுக் காற்று பரவியது. புல்லில் விஷம் ஏறியது. ஆடு மாடுகளில் பாதிக்கு மேல் செத்தன. பஞ்சம் வந்தது. ஜனத்தொகையில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு அழிந்தது.

அப்போது ஜோன் ஸ்டெய்ன்கிரிம்சன் என்ற பாதிரியார் இருந்தார். பஞ்ச நிவாரணப் பணத்தை முத்திரை வைத்து அவரிடம் கொடுத்து, அதிகாரியிடம் சேர்க்கச் சொன்னார்கள். வழியில் மக்கள் படும் பாட்டைப் பார்த்தார். முத்திரையை உடைத்தார். மாடு வாங்கப் பணம் கொடுத்தார். அதற்காக அவருக்கு அபராதம் போட்டார்கள். பகிரங்கமாக மன்னிப்புக் கேட்கவும் வைத்தார்கள்! பானையைப் பறித்த கதையில் இருந்த மனப்பான்மை அப்போதும் இருந்தது.

1973-ம் ஆண்டு ஜனவரி 23-ந்தேதி இரவு, ஹெய்மே என்ற தீவில் ஊரை ஒட்டியே எரிமலை வெடித்தது. அங்கே சுமார் 5 ஆயிரத்து 300 பேர் இருந்தார்கள். முந்தின நாள் புயல் அடித்ததால் மீன்பிடிப் படகுகள் எல்லாம் துறைமுகத்தில் நின்றன. அந்தப் படகுகளில் ஏற்றி, ஒரே இரவில் மக்களைக் கரை சேர்த்தார்கள். புயல்தான் அன்று உயிர் காத்தது!

சுமார் 400 வீடுகள் அழிந்தன. துறைமுகத்தை நெருப்பு மூடாமல் இருக்க, கடல் நீரைக் குழாயில் இறைத்துக் குழம்பின்மேல் மாதக்கணக்கில் கொட்டினார்கள். குழம்பு உறைந்தது. துறைமுகம் பிழைத்தது. பெரும்பாலான மக்கள் திரும்பி வந்தார்கள். உறைந்த குழம்பில் மிச்சம் இருந்த சூட்டைக் குழாயில் எடுத்துப் பல ஆண்டுகள் வீடுகளைச் சூடாக்கினார்கள்.

அந்த நஷ்டத்துக்கும் நாடு முழுவதும் வரி கொடுத்தது. 1975-ம் ஆண்டில் இயற்கைச் சேத இன்ஷூரன்சு நிறுவனம் ஒன்றை ஏற்படுத்தினார்கள். வீட்டுக்குத் தீ இன்ஷூரன்சு அங்கே கட்டாயம். அதோடு எரிமலை, பூகம்ப நஷ்டத்துக்கும் ஈடு உண்டு.

கிரிண்டாவிக் மக்களுக்குக் கிடைத்த உதவி, ஹெய்மே தீவு சொல்லிக்கொடுத்த பாடம்.

மறுபடியும் குடியேறலாமா?

2024 அக்டோபரில் ஊருக்குள் போகும் சாலை எல்லோருக்கும் திறக்கப்பட்டது. உல்லாசப் பயணிகளும் போய்ப் பார்க்க ஆரம்பித்தார்கள். மேட்டுக்கு அந்தப் பக்கம் கறுப்புக் குழம்பு; இந்தப் பக்கம் ஆள் இல்லாத வீடு. நெருப்பு ஓய்ந்த இடைவெளிகளில் துறைமுகத்தில் வேலையும் நடந்தது.

"கடல் இருக்கிறது, படகு இருக்கிறது, எங்கள் ஊர் எங்களுக்கு வேண்டும்" என்கிறவர்கள் உண்டு. "குழந்தைகளை வைத்துக்கொண்டு பிளவின்மேல் எப்படித் தூங்குவது?" என்கிறவர்களும் உண்டு. இரண்டிலும் நியாயம் இருக்கிறது.

விஞ்ஞானிகள் சொல்வது இது: ஸ்வார்ட்சேங்கியின் அடியில் சில கிலோ மீட்டர் ஆழத்தில் உருகிய பாறை சேருகிறது. சேரச் சேர, எண்ணெய்ச் சட்டியில் பூரி உப்புவதுபோல் தரை உப்புகிறது. அந்த உப்பலைக் கருவிகள் செண்டி மீட்டர் கணக்கில் அளக்கின்றன. அதை வைத்து, வெடிக்கும் காலம் நெருங்குவதைச் சொல்லிவிடலாம். நாளும் நேரமும் சொல்ல முடியாது. சில தடவை, கடைசி எச்சரிக்கைக்கும் வெடிப்புக்கும் நடுவில் ஒரு மணி நேரம்கூட இருக்கவில்லை.

முன் காலத்தில் அந்தப் பகுதியில் நெருப்பு விழித்தபோது, விட்டு விட்டு நூற்றாண்டுக் கணக்கில் வெடித்தது. ஆகையால் இது இன்று நாளை முடிகிற சங்கதி அல்ல. ஊரை மறுபடியும் கட்டுவதானால், எந்த நேரமும் கிளம்பத் தயாராக இருக்கும் ஊராகத்தான் கட்ட வேண்டும்.

விருந்தாளியின் கடமை

ஐஸ்லாந்துக்கு 2010-ம் ஆண்டில் சுமார் 5 லட்சம் வெளிநாட்டுப் பயணிகள் வந்தார்கள். அந்த ஆண்டு ஏப்ரலில் ஓர் எரிமலை சாம்பலைக் கக்கி, ஐரோப்பாவின் விமானங்களைப் பல நாட்கள் நிறுத்தியது. உலகமே ஐஸ்லாந்தைத் திரும்பிப் பார்த்தது. 2018-ல் வந்தவர்கள் 23 லட்சம் பேர்! பலரை இழுத்து வருவது நெருப்புதான். அந்த நெருப்பால் நாட்டுக்கு வருமானம். ஓட்டல்காரருக்கு வருமானம். விமானக் கம்பெனிக்கு வருமானம்.

ஆகவே, நெருப்பைப் பார்க்கப் போகிறவருக்கும் கடமை உண்டு. போகாதே என்று கயிறு கட்டிய இடத்தில் போகக்கூடாது. மேலே கறுத்துக் கெட்டியாகத் தெரியும் குழம்பு, உள்ளே சிவந்து உருகிக்கொண்டிருக்கும். கால் வைத்தால் உடையும். எரிமலைக் காற்று கனமானது. பள்ளத்தில் தேங்கி நிற்கும். வாசனை தெரிவதற்குள் ஆளை மயக்கும். ஒருவர் அசட்டுத்தனமாகப் போனால், அவரைத் தூக்கி வரத் தொண்டர்கள் தங்கள் உயிரைப் பணயம் வைக்க வேண்டும். பாறைமேல் படர்ந்த பாசியையும் மிதிக்கக்கூடாது. ஒரு தடவை மிதித்தது மறுபடியும் வளரப் பல ஆண்டுகள் ஆகும்.

இன்னொன்றும் உண்டு. காலியான வீட்டின் முன்னால் நின்று சிரித்துக்கொண்டு படம் எடுப்பது வேடிக்கை அல்ல. அது ஒருவர் பிறந்து வளர்ந்த வீடு.

பூமி கொடுத்த வெந்நீர் பெரும்பாலோர் வீட்டுக் குழாயிலும் ஓடுகிறது. பூமி கொடுத்த மின்சாரம் எல்லோர் வீட்டிலும் எரிகிறது. பூமி சுட்ட ரொட்டியை வந்தவர் எல்லோரும் தின்கிறார்கள். லாபம் பொது என்றால் நஷ்டமும் பொதுவாக இருக்க வேண்டும். ஐஸ்லாந்து அந்தக் கணக்கைப் பெரும்பாலும் நேர்மையாகப் போட்டிருக்கிறது. கடைக்காரரின் கணக்கும் பட்டறைக்காரரின் கணக்கும் இன்னும் பாக்கி.

வெள்ளம் வரும் ஊர், புயல் அடிக்கும் கரை, மலை சரியும் கிராமம் என்று ஆபத்தான இடங்கள் உலகம் எங்கும் இருக்கின்றன. அங்கிருந்து மீனும் தானியமும் காய்கறியும் எல்லோருக்கும் வருகின்றன. ஆபத்து வரும்போது மட்டும் அந்த ஊர்க்காரரைத் தனியே விட்டுவிடுவது என்ன நியாயம்?

நெருப்பை யாராலும் கட்டிப்போட முடியாது. ஆனால் நெருப்பில் ஒருவர் பானை உடைந்தால், ஊர் கூடி இன்னொரு பானை வாங்கிக் கொடுக்க முடியும். குன்னாவின் கதையைச் சொல்லி வளர்ந்த நாடு, அதைச் செய்யத் தொடங்கியிருக்கிறது. மற்ற நாடுகளும் கற்றுக்கொள்ளலாம்.